ஒன்பதாவது படம்

“குணசேகரத்துக்கு மட்டும் குடுக்க ஏலாது. நான் இருக்குமட்டும் விடமாட்டன்!”

மேசையில் ஓங்கிக் குத்திச் சொன்னேன். கோப்பி சிந்தியது. தலைவர் சிவநேசன் துடைத்தார்.

எங்களுடையது சுவிஸில் பீல் நகரத்துத் தமிழரின் எல்லே கழகம். எல்லே என்றால், மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டு. இதைப் பார்த்துத்தான் அமெரிக்காக்காரன் பேஸ்போலைக் கண்டுபிடித்தான் என்பது எங்கள் நிர்வாகசபையின் ஏகமனதான முடிவு. பேஸ்போல் வீரர்களுக்கு அங்கே மண்டபமே கட்டி வைத்திருக்கிறார்களாம். எங்கள் வசதிக்கு ஒரு சுவர்தான்.

கழகத்தின் முப்பதாவது ஆண்டு விழாவுக்கு, கவனிக்கப்படாமல் போன ஒன்பது பழைய வீரர்களின் படம் அந்தச் சுவரில் ஏறும். எட்டுப் பேரைச் சண்டை பிடித்துத் தெரிவு செய்தாயிற்று. மிச்சம் ஒரு இடம். அதற்கு இரண்டு பெயர்கள். குணசேகரம், குகநாதன்.

குகநாதன் நான்தான். தெரிவுக்குழுவிலும் நான்தான். என் பெயரை முன்மொழிந்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். படம் எடுக்கப் போடுவதற்குக் கோட்டு சூட்டைக்கூடக் கழுவக் கொடுத்துவிட்டேன்.

“குணா அண்ணை எங்களுக்குப் பன்னிரண்டு வருசம் விளையாடினவர்” என்றாள் செயலாளர் சிவகலா. “தனக்கு ஒரு கேடயமும் தரேல்லையே எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.”

“கேக்க என்ன முகம் இருக்கு? தொண்ணூத்தெட்டில பேர்ண் நகரத்தில நடந்த இறுதி ஆட்டத்தை மறந்திட்டீங்களோ?”

மறக்க நான் எங்கே விட்டேன்!

அப்போது குணசேகரம் இன்டர்லாக்கன் அணி. ஆட்டத்தின் கடைசிப் பந்தை வானத்துக்கு அடித்தான். நான் பின்பக்கமாக ஓடி, பாய்ந்து, உருண்டு பிடித்தேன். கப் எங்களுக்கு. அதோடு அவனை அவனுடைய அணி திரும்பக் கூப்பிடவே இல்லை. பிறகுதான் வேலை தேடி பீலுக்கு வந்து எங்களோடு சேர்ந்தான்.

அந்தப் பிடியின் கதையை என் கல்யாணத்தில் சொன்னேன். மகளின் பிறந்தநாள்களில் சொன்னேன். பல்லுக் கட்டப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, டொக்டருக்கும் சொன்னேன். நான் “தொண்ணூத்தெட்டில...” என்று தொடங்கினால் மனைவி ஞானேஸ்வரி தேத்தண்ணி போட எழும்பிவிடுவாள்.

“பிடி குடுத்துச் சொந்த டீமையே தோக்கடிச்ச ஆளுக்குச் சுவரில படமோ?” என்றேன்.

குணசேகரமும் நிர்வாகசபையில் ஒருவன்; அதே மேசையில்தான் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான்.

“அந்த ஆட்டத்தின்ரை வீடியோ கிடைச்சிருக்கு” என்றாள் சிவகலா. “கலியாண வீடியோக்காரர் ஒராள் எடுத்தது. விழாவில காட்டுவம் எண்டு கொம்பியூட்டரில ஏத்தி வைச்சிருக்கிறன். இன்னும் பாக்கேல்லை.”

“விழா வரைக்கும் ஏன் பிள்ளை? இப்பவே போடு. எல்லாரும் பாக்கட்டும்!”

குணசேகரம் சடக்கென்று நிமிர்ந்தான்.

“வேண்டாம் அண்ணை. அது பிடிதான். அடிச்ச நானே சொல்லுறன். அந்த இடத்தை உங்களுக்கே குடுக்கட்டும். வீடியோ வேண்டாம்.”

“பாத்தீங்களோ, வெக்கம்!” என்று நான் சபையைப் பார்த்துச் சிரித்தேன். “போடு பிள்ளை.”

போட்டாள்.

பந்து மேலே போனது. மெலிந்த ஒருவன் தலைநிறைய முடியோடு ஓடினான். அது நான் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. பாய்ந்தேன். பந்து கையில் பட்டது. உருண்டேன். பந்து கையைவிட்டு நழுவிப் புல்லில் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு எழும்பிக் கையை உயர்த்தினேன்.

நடுவருக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் குணசேகரத்தைப் பார்த்தார். அவன் பிடிதானா என்று பார்க்க ஓடி வந்து எனக்கு இரண்டடி தள்ளி நின்றான். புல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு “அவுட்” என்று தானே கையைக் காட்டிவிட்டு வெளியே நடந்தான்.

வீடியோ முடிந்தது.

எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி, நாலைந்து வருடத்தில் நானே நம்பிவிட்டேன். வீட்டில் யாரும் நம்பாததை ஒருவராவது நம்பவேண்டும்தானே. இப்போது காது இரண்டும் கொதித்தன. எழும்பி ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

“தலைவர், ஒன்பதாவது படம் குணாவின்ரை. எழுதுங்கோ” என்றேன். சிவநேசன் எழுதினார்.

பிறகு குணசேகரத்திடம் திரும்பினேன்.

“ஏன் குணா? அது பிடியில்லை எண்டு உனக்குத் தெரியும். பிறகு ஏன் அவுட் எண்டு போனனீ?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“அண்டைக்குக் காலமை மைதானத்தில ஒரு கடிதத்தை வைச்சு வாசிச்சுக்கொண்டு நிண்டனீங்கள் அண்ணை. பந்து போட்டுப் பழகக்கூட வரேல்லை. அகதி வழக்கு நெகட்டிவ், கெதியாத் திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு எல்லாரும் கதைச்சவை. பாவம், போற மனிசன் ஒரு கப்பையாவது தூக்கிக்கொண்டு போகட்டும் எண்டு நினைச்சன்.”

உடைத்த பிஸ்கட்டில் பாதியை வாயில் போட்டுக்கொண்டான்.

“நீங்கள் அப்பீலில வெண்டு இஞ்சையே நிப்பியள், இருபத்தேழு வருசம் அந்தப் பிடியை எனக்கே கதை கதையாச் சொல்லுவியள் எண்டு ஆர் கண்டது!”