இரங்கல் கூட்டத்தில் ரெண்டு வார்த்தை

கையில் நாலாக மடித்த கைக்குட்டை, கலங்கிய கண்கள். இப்படி ஒரு பெண் மேடைக்கு வந்து "ரெண்டு வார்த்தை பேசணும்" என்றால் இரங்கல் கூட்டத்தில் யார்தான் தடுப்பார்கள்? தலைவர் எழுந்து நின்று மைக்கைக் கொடுத்தார்.

கண் கலங்கியது துக்கத்தால் அல்ல; பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த தூசி. பெரிய ஓட்டலின் லாண்டரியில் பதினேழு வருஷம் படுக்கை விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தவள் அவள். அங்கே எல்லோருக்கும் கஞ்சியக்கா.

"செத்துப்போன மேனேஜரோட இனிமே என்ன வம்பு? பேசாம வீட்டுல இரு" என்று புருஷன் காலையிலேயே சொல்லிப் பார்த்தார்.

"உயிரோட இருந்தப்பதான் பேசாம இருந்தேனே, போதாதா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மண்டபத்து வாசலில் வாட்ச்மேனிடம் இரங்கல் கூட்டம் எங்கே என்று கேட்டாள். அவர் கை காட்டிய கதவுக்குள் நுழைந்தாள்.

மேடையில் பெரிய படம்; கலங்கிய கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. மேனேஜர் மீசை வைத்து அவள் பார்த்ததில்லை. ரிட்டையரான பிறகு வளர்த்திருப்பார், வேறு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்த மனுஷனுக்காக லாண்டரியிலிருந்து யார் வரப்போகிறார்கள்?

"எல்லாரும் தங்கமான மனுஷன்னு சொன்னீங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இவருக்குக் கீழ பதினேழு வருஷம் இருந்தவ நான். ஒரு நாள்கூட நிம்மதியா உக்கார விட்டதில்ல. கால் வலிக்குதுன்னா நடிக்கிறியாம்பார். சிரிச்சா, என்ன இளிப்புன்னு கேப்பார். தப்பு அவர் பண்ணிருப்பார், மன்னிப்பு நாங்க கேக்கணும்."

"யாருப்பா இந்தம்மா? முதல்ல கீழ இறக்குங்க" என்று ஒரு மாமா எகிறினார்.

முன்வரிசையில் இருந்த இறந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்தார். "பேசட்டும்" என்றார். மாமா உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சியக்கா மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"என் பக்கத்து மேஜையில ஒரு பொண்ணு. ஏழு மாசம். அரை மணி நேரம் உக்காந்துக்கிறேன்னு கெஞ்சினா. நிக்க முடியாதவங்க வேலையை விட்டுட்டுப் போகலாம்னார் இவர். சாயங்காலம் அங்கேயே மயங்கி விழுந்தா. குழந்தை தங்கல. நான் ஓட்டல் விரிப்பை மடிச்சுக்கிட்டே நின்னேன், வாயைத் திறக்கல. அன்னிக்குத் திறக்காத வாயை இன்னிக்குத் திறக்குறேன். யாரு தடுத்தாலும் சரி."

தலைவர் பதறிக்கொண்டு அவள் காதருகில் குனிந்தார். "அம்மா, ஓட்டல் மேனேஜரோட கூட்டம் மேல் மாடியில நடக்குது. இவர் பேங்க்ல இருந்தவர்மா."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ ஒரு அப்பாவி மேல் இத்தனையையும் கொட்டிவிட்டோமே என்று, மைக்கும் கையுமாக நேராக அந்த மனைவியிடம் இறங்கிப் போனாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஆள் மாறிப்போச்சு. உங்க வீட்டுக்காரரை நான் பார்த்ததுகூட இல்ல. ஆனா சொன்னதுல ஒரு வார்த்தையும் பொய்யில்ல. மேல போயும் இதையேதான் சொல்லப்போறேன்."

அந்த அம்மாள் மெல்ல எழுந்தார். படத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கஞ்சியக்காவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நீங்க மேல போங்க. இங்க மிச்சத்தை நான் சொல்றேன்."