402-க்கு ஒரு போன்

"ஹ்ஹ்ம்! செக்ரட்டரி ஜம்புநாதன் பேசறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு கிளப் ஹவுஸ்ல இருக்கணும். ஆறு அஞ்சுக்கு வர்றவா வரவே வேண்டாம்!"

பேசியது ஜம்புநாதன் இல்லை. பத்தாம் வகுப்பு அனிருத். அந்தத் தொண்டைச் செருமல்கூட அச்சு அசல்.

"அடப்பாவி, மாட்டினே செத்தே!" என்றாள் தேஜஸ்வினி. ஆனாலும் லிஸ்டில் அடுத்த வீட்டு நம்பரைப் படித்தாள்.

வேறு வழி? விஷ்ராந்த்வாடியில் இருக்கும் அந்த அடுக்குமாடி சொசைட்டியில், பிள்ளைகளே நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஜம்புநாதன் கெடு வைத்திருந்தார்.

"வெறும் கூச்சல்! இந்த வாரம் பெரியவா இருபது பேர் வரலேன்னா கிளப் ஹவுஸுக்குப் பூட்டு."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் இருந்த தேஜஸ்வினி, இப்போது அந்தக் கூட்டத்தையே நடத்துகிறாள். அதற்கா பூட்டு?

வாராவாரம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். தட்டிய எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "பார்க்கலாம்பா." செக்ரட்டரி கூப்பிட்டால் மட்டும் குளித்துக்கொண்டிருப்பவர்கூட ஓடி வருவார்.

301, மராத்தி டாக்டரம்மா. அவருக்கு ஜம்புநாதனின் சொந்தத் தயாரிப்பு இந்தி. "மேடம், ஆனேகா! ஆனேகா மத்லப்... ஆனேகா!" 'வரணும்' என்பதற்கு அர்த்தமும் 'வரணும்'தான்.

தேஜஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடுத்தது 204."

அனிருத் இன்டர்காம் பட்டனைத் தட்டினான்.

"ஹ்ஹ்ம்! செக்ரட்டரி ஜம்புநாதன் பேசறேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது.

"யாரு?"

"ஜம்புநாதன்யா! காது கேக்கலையா? ஆறு மணிக்கு கிளப் ஹவுஸ்!"

"ஓ... சரி சார். வந்துடறேன் சார்."

போனை வைத்துவிட்டு அனிருத் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

தேஜஸ்வினி இன்டர்காமையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய், நான் சொன்னது 204. நீ அடிச்சது 402."

"402 யாரு வீடு?"

"ஜம்புநாதன் அங்கிள் வீடு."

ஆறு மணிக்கு இருபத்து மூன்று பெரியவர்கள் ஆஜர். கடைசியாக, இஸ்திரி கலையாத சட்டையில் ஜம்புநாதன்.

"என்ன சார், அவ்வளவு அவசரமாக் கூப்பிட்டீங்க?" என்றார் முன்வரிசை பரமசிவம்.

ஊரில் உள்ள அத்தனை குரலும் வரும் அனிருத்துக்கு அப்போது சொந்தக் குரல்கூட வரவில்லை.

"ஹ்ஹ்ம்!" ஜம்புநாதன் செருமினார். "ஆமா, நான்தான் கூப்பிட்டேன். உட்காருங்கோ. குழந்தைகள் பேசறதைக் கேளுங்கோ."

பரீட்சை பயத்தைப் பற்றி ஒரு பையன் பேசும்போது அவன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பையைப் பிரிக்க ஒரு குழு அங்கேயே அமைந்தது. ஜம்புநாதன் கை சிவக்கத் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அனிருத் தயங்கித் தயங்கிப் போனான்.

"ஸாரி அங்கிள். என்னை ஏன் காட்டிக்கொடுக்கலை?"

வாசலில் பிள்ளைகள் ஒட்டியிருந்த 'அனைவரும் வருக' நோட்டீஸை ஜம்புநாதன் ஒரு தட்டு தட்டினார்.

"வாராவாரம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேள். என் வீட்டுக்கிட்ட வந்தா மட்டும் செருப்பைக் கையில எடுத்துண்டு ஓடினேள். கடைசியில பாரு, என்னைக் கூப்பிட நானே போன் பண்ண வேண்டியதாப் போச்சு!"