மூன்று முறை சொல்ல வேண்டிய பெயர்

தொட்டிலைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள்.

குழந்தை அத்தையின் மடியில் கிடந்தது. பதினாறாம் நாள். கையில் காப்பு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

பெயரை வலது காதில் மூன்று முறை சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த வீட்டில் அதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

அவள் வாய் திறக்கவில்லை.

குழந்தையின் அப்பா, அவள் தம்பி ஆவுடையப்பன், பெயர் எழுதிய சீட்டை மறுபடி நீட்டினான். அவள் வாங்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று மூன்று நாளாகத் தெரியும்.

மாறனேரி.

அது பெண்ணுக்கு வைக்கிற பெயர் இல்லை. ஆணுக்கு வைக்கிற பெயரும் இல்லை. குடும்பத்தின் பெயர். பாட்டனார் எப்போதோ விட்டு வந்த ஊர். அவளுடைய அப்பா பிரமநாயகத்தை அம்பாசமுத்திரத்தில் ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மாறனேரியார் என்றுதான் சொல்வார்கள். வீடு தேடி வந்த தாசில்தார்கூட அப்படித்தான் விசாரித்தார்.

தம்பி இருக்கிற பெங்களூரில் இப்போது இதுதான் நடப்பாம். வெள்ளைக்காரர்கள் குடும்பப் பெயரையே பெண் குழந்தைக்குப் பெயராக வைக்கிறார்களாம். அதைப் பார்த்து இங்குள்ளவர்களும் ஆரம்பித்துவிட்டார்களாம். தம்பி மனைவி கிருத்திகாவோடு வேலை பார்க்கிறவள் தன் மகளுக்குக் கார்ட்டர் என்று வைத்திருக்கிறாள். கார்ட்டர் என்றால் என்ன என்று இவள் கேட்டாள். வண்டியோட்டி என்றான் தம்பி.

"அப்ப ஒன் மகளுக்கு டிரைவர்னு வையி. இங்கயும் எல்லாருக்கும் புரியும்."

தம்பி சிரித்தான்.

கிருத்திகா சிரிக்கவில்லை.

சந்தேகம் அப்போதுதான் தட்டியது. நாகரிகத்துக்காக ஆசைப்பட்ட பெயர் என்றால் ஒரு கேலிக்குச் சிரித்திருப்பாள். இல்லாவிட்டால் கோபித்திருப்பாள். இரண்டும் இல்லை. வேறு ஏதோ கணக்கு இருக்கிறது.

அம்மா இல்லாத பெண் என்பதால் கிருத்திகா பிரசவத்துக்கு இங்கேயே வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். கேட்டால், குழந்தைக்காக வம்சாவளி எழுதி வைக்கப் போகிறேன் என்றாள். ஒருநாள் மத்தியானம் அறைக்குள் போய்ப் பார்த்தால் இவளுடைய பள்ளிக்கூடப் பணிப்பதிவேட்டின் நகலையும் பழைய ரேஷன் கார்டையும் கட்டில்மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வம்சாவளிக்கு எதற்கு ரேஷன் கார்டு?

வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறாள் என்று இவளுக்குப் பட்டது. குடும்பத்தின் பெயரைப் பிள்ளைமேல் எழுதி ஒட்டிவிட்டால் வீடும் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைக்கிறாள். அன்றே இவள் பத்திரத்தை எடுத்துத் தன் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

வீட்டைக் காப்பாற்றிவிடலாம்.

பெயரை?

பெண் பிள்ளை. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவாள். குழம்பில் உப்பு இல்லை என்று அங்கே ஒருவன் தட்டைத் தள்ளுவான். வாசலில் நாலு பேர் நிற்கும்போது கத்துவான்.

ஏட்டி மாறனேரி.

ஊரே துண்டை இறக்கிக்கொண்டு சொன்ன பெயர்.

"நல்ல நேரம் முடியப் போவுதுக்கா," என்றான் தம்பி.

அவள் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாளைக்கு இவள ஒருத்தன் திட்டினா, நம்ம அப்பாவத் திட்டின மாதிரில்லா இருக்கும்?"

உறவுக்காரப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். தம்பி சீட்டை மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த கிருத்திகாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"திட்டட்டும் மதினி. ஆனா இவ பேராவே இருந்தா யாரும் மாத்த முடியாதுல்லா. ஒங்களுக்கு மாத்தினாங்களே, அந்த மாதிரி."



கல்யாணமாகிச் சங்கரன்கோவிலில் அத்தை வாழ்ந்தது பதினான்கு மாதம். திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி கூட வந்தது. ரேஷன் கார்டில் மாற்றி எழுதிய தலைப்பெழுத்தும் கூட வந்தது.

அப்பா பிரமநாயகத்தின் எழுத்து இருந்த இடத்தில் புருஷன் சண்முகவேலின் ச.

அதோடுதான் வேலைக்குச் சேர்ந்தாள். அதோடுதான் சம்பளம், அதோடுதான் பதவி உயர்வு. பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் பெயர்ப் பலகையில் இன்றைக்கும் அவள் பெயருக்கு முன்னால் அதுதான் நிற்கிறது. படித்த பிள்ளைகள் அதை அவளுடைய அப்பாவின் எழுத்து என்று நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. திருத்தினால் பதினான்கு மாதத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

முப்பத்தொரு வருடம்.

இந்தப் பெண் பத்திரத்தைத் தேடவில்லை.

ஆனாலும் முழுக்க நம்பிவிட மனம் வரவில்லை. ஒன்றும் தெரியாதவள்போல் இரண்டு மாதம் பீரோவில் குடைந்து, சபையில் வைத்துச் சொல்கிறவளை எப்படி நம்புவது?

கிருத்திகாவைப் பார்த்தாள். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

குழந்தை கொட்டாவி விட்டது.

அத்தை குனிந்தாள்.

மாறனேரி.

மாறனேரி.

மாறனேரி.

தம்பி மூச்சு விட்டான். பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

மறுபடியும் குனிந்தாள்.

வகுப்பில் வருகை வாசிக்கிற குரலை மிகவும் தணித்துக்கொண்டு, குழந்தையிடம் தன் பெயரையும் சொன்னாள்.

தூணோரம் இருந்த கிருத்திகாவுக்கு அதன் முதல் எழுத்து மட்டும் கேட்டது.

பி.