சுருளாத தூள்

“குழாயைக் காணோம்ங்க. இதுவும் வெறும் தூள்தான்” என்று போன வாரமும் மைக்ரோஸ்கோப்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“பரவாயில்ல சார், அடுத்த வாரம் வரேன்” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

டைட்டானியம் டை ஆக்சைடைக் காரத்தில் வேகவைத்து அமிலத்தில் கழுவினால் நுண்குழாயாகச் சுருளும். இவளுடைய தூள் மட்டும் ஏழு வாரமாகக் கல்லுளிமங்கன்போல் கிடந்தது. “இன்னிக்கும் வரலைன்னா உன்னை மாத்திட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்” என்று பேராசிரியை கத்தியது மைக்ரோஸ்கோப்காரர் காதிலும் விழுந்திருந்தது.

இன்று திரை முழுக்கக் குழாய்!

“தப்பிச்சீங்க!” என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

“யாரோட படம் சார் இது?”

“உங்களோடதுதான்!”

“புளுகாதீங்க. ஏழு வாரமும், இன்னிக்கும், பாட்டில்ல இருந்த தூளை அப்படியே கொண்டுவந்தேன். வேகவைக்கவே இல்ல.”

“ஐயோ, ஏங்க?”

“குழாய் வந்துட்டா உங்களைப் பாக்க வர முடியாதே! என்னைக் கட்டிக்கிறீங்களா சார்?”