பில் போடாத பேஸ்மேக்கர்

"மூச்சு நின்னுடுச்சாம்மா?"

"இல்ல சார், இழுத்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு."

அந்த அறையில் படுத்த படுக்கையாக யாரும் இல்லை. முதலாளி கேட்டது தன் கம்பெனியைப் பற்றி. இதயத்துக்கு வைக்கிற பேஸ்மேக்கர் செய்யும் சின்னக் கம்பெனி அது, நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பதில் சொன்னவள் அவருக்குக் கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கம்பெனியை நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, கிடங்கில் இருக்கும் சரக்கு எல்லாம் ஒரு தட்டில். ஒரு வருஷத்துக்குள் கட்டித் தீர்க்க வேண்டிய கடன்கள் மறு தட்டில். தொழிலாளர்கள் அவளுக்குத் தராசு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் முறை வந்தபோது கடனைப் போல இரண்டு மடங்கு சொத்து இருந்தது. அப்புறம் ஒன்றரை ஆயிற்று. ஆஸ்பத்திரிகள் பாக்கியை இழுத்தடிக்க, ஓட்டைத் தொட்டி மாதிரி ஒவ்வொரு முறையும் இறங்கி, இன்று ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. ஒன்றுக்குக் கீழே போனால் கடன் வசதியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் இந்த மாதச் சம்பளம் கிடையாது, அதற்கப்புறம் கம்பெனியே கிடையாது.

"ஒரு டீயாவது சாப்பிடுங்கம்மா."

அவள் தன் தண்ணீர் பாட்டிலைக் காட்டிச் சிரித்தாள். கடன் வாங்கியவரிடம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அதிகாரியோ அவர் வீட்டாரோ இனாமாகவோ கடனாகவோ எதையாவது வாங்கியது தெரிந்தால், அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வங்கி அந்த விஷயத்தில் படு கறார்.

கம்பெனியை மூடிவிட்டுப் போக அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தொப்பியும் முகமூடியுமாகக் குனிந்து மெல்லிய கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டு மறுபடி கணக்கேட்டைத் திறந்தாள். காலையிலிருந்து அதே கணக்கை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எங்காவது ஒரு சந்து கிடைக்காதா என்றுதான்.

கடைசியில் கிடைத்தது.

"சார், தட்டு சமமாக ஒரே ஒரு பேஸ்மேக்கர் விலைதான் குறையுது. இதோ பாருங்க, ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. வருஷத்துக்கு மேல ஆச்சு. பில்லும் போடல, திரும்பியும் வரல."

இந்தத் தொழிலில் அது சகஜம். ஆபரேஷனுக்கு முன்பே சரக்கு ஆஸ்பத்திரி அலமாரிக்குப் போய்விடும், நோயாளிக்கு வைத்த பிறகுதான் பில். ஆனால் வருஷம் தாண்டியும் பில் இல்லாமல் வெளியே நிற்கிற சரக்கை வங்கி கணக்கில் சேர்க்காது.

"அலமாரியில தூங்குதுன்னா எடுத்துட்டு வந்துடுங்க, சரக்குல சேத்துக்கறேன். யாருக்காவது வெச்சுட்டாங்கன்னா பில் போடுங்க, பாக்கியில சேத்துக்கறேன். ரெண்டுல எதுன்னாலும் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

"வெச்சாச்சும்மா. ஆனா பில் போட முடியாது."

"ஏன் முடியாது?"

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "ஊர்ல அம்மா சௌக்கியமா இருக்காங்களா?"

"பேச்சை மாத்தாதீங்க சார்." கடன் கேட்கிற எல்லோரும் குடும்பத்தை விசாரித்து ஐஸ் வைப்பார்கள், அவள் பார்க்காததா? "பின்வாசல் வழியா ரொக்கத்துக்கு வித்துட்டீங்களா?"

அவர் துடித்துப் போனார். "சத்தியமா இல்லம்மா. ஒரு பையன் வாசல்ல வந்து நின்னு அழுதான். பொழுது விடியறதுக்குள்ள வெச்சாகணும்னு டாக்டர் சொல்லிட்டாராம், கையில காசில்ல. கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்னான், மனசு கேக்காம கொடுத்தனுப்பிட்டேன். யார் வீட்டுப் பையன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது."

"நல்ல காரியம்தானே! அந்தப் பையன் பேருக்கு இப்ப ஒரு பில் போட்டா என்ன?"

"போட்டா அந்த வீட்ல ஒருத்தருக்கு வேலை போயிடும்மா."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நல்லவராக இருக்கலாம், இவ்வளவு பைத்தியக்காரராகவா இருப்பது? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"யாரோ ஒருத்தர் வேலைக்காக நாப்பது குடும்பத்தைத் தெருவுல நிறுத்துவீங்களா? அந்த ஆள் இடத்துல நான் இருந்தா, வேலை போனாப் போகுதுன்னு முதல்ல பில்லைக் கேட்டு வாங்கியிருப்பேன்!"

"சொல்றது சுலபம்மா. விட்டுடுங்க. வர்றது வரட்டும்."

"விட மாட்டேன். நானே நேர்ல போய்ப் பேசறேன். யாருக்கு வெச்சாங்க, சொல்லுங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல், அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க அம்மாவுக்குத்தான்."