தச்சரின் கணுக்கால்

கத்தியும் வேண்டாம், உடம்பில் இரும்பும் ஏறக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றுதான் தச்சர் முறிந்த கணுக்காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டார். மூன்றாம் வார எக்ஸ்ரேயில் எலும்புக்குள் ஒரு ஸ்க்ரூ தெரிந்தது.

“மயக்கிப் போட்டு அறுத்தீங்களா?” என்று பாய்ந்தார்.

“கட்டையே பிரிக்கல பெரியவரே. படம் மாறியிருக்கும்” என்றார் டாக்டர்.

மறுவாரமும் அதே ஸ்க்ரூ. முன்பு எலும்புக்கு வெளியே நான்கு மரைச் சுற்று இருந்தது, இப்போது இரண்டுதான். யாரோ முடுக்கியிருக்கிறார்கள். தச்சர் கண்ணுக்கா தெரியாது?

“ஏன்டி, என் திருப்புளிய எடுத்தியா?”

“ஆமா, உங்க கால்ல கதவு மாட்டப்போறேன்” என்றாள் மனைவி.

ஆறாம் வாரம் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். தோலில் கீறல்கூட இல்லை.

“இப்ப நம்புறீங்களா?” டாக்டர் சிரித்தபடி கணுக்காலைத் தடவினார். சிரிப்பு நின்றது. அவர் விரலுக்கடியில், தோலுக்குள், ஏதோ நிதானமாக அரைச் சுற்று திரும்பியது.