மூன்றாம் மாடிக் கூட்டம்

மேசைமேல் இருந்த தாளை அவர் இரண்டாம் முறையும் படித்தார்.

'இரண்டு மாடிக்கு மேல் எங்கள் தெருவின் மண் தாங்காது. எனவே, தெருக்கோடியில் கட்டவிருக்கும் ஏழைகள் குடியிருப்பை அனுமதிக்கக் கூடாது.'

படித்தது, மூன்றாம் மாடியில் உட்கார்ந்து.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். முப்பது பேர். ஆளுக்கு இரண்டு சமோசா. சங்கத் தலைவர் முகுந்தனின் வீடு அது. அந்த வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் மூன்றாம் மாடியே கிடையாது.

அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கட்டிய மேஸ்திரியே அவர்தான்.

பொங்கல் விடுமுறையில் போட்ட தளம். அந்த நான்கு நாளும் அனுமதி கொடுக்கும் ஆபீஸ் பூட்டியிருக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தெருவில் பாதி மாடிகள் பொங்கலுக்குப் பிறந்தவைதான். மேஸ்திரி தன் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுப் பல வருடமாகிறது.

அப்போதெல்லாம் மண் தாங்கியது.

நிலத்தடி நீர் வற்றிவிடும் என்று இன்று கொதித்தவர் வீட்டில் இரண்டு போர். தெருவில் நடக்க இடமிருக்காது என்று அங்கலாய்த்தவரின் மூன்று கார்களும் தெருவில்தான் நிற்கின்றன. கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அந்தக் குடியிருப்பில் வீடு கிடைக்கப்போகிறவர்களின் பட்டியலில் மேஸ்திரியின் மனைவி மரகதத்தின் பெயர் இருக்கிறது. அதே தெருக்கோடியில்தான் அவர்கள் குடிசை இருந்தது. அதை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பி ஒன்பது வருடம். தினமும் இரண்டு பஸ் மாறி வந்துதான் இவர்களுக்கு மாடி எழுப்புகிறார்.

ஆட்சேபணையை வாங்கிப் போக வந்திருந்த பெண் அதிகாரி, மடியில் கோப்புடன் முன்வரிசையில் காத்திருந்தார்.

"இருபது வருஷமா நம்ம தெருவுல வேலை பாக்குறவரு மேடம். மண்ணைப் பத்தி இவருக்குத் தெரியாததா?" முகுந்தன் மேஸ்திரியின் தோளில் கை போட்டார். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. "ஒரு கையெழுத்து போடுங்க மேஸ்திரி."



அடுத்த மாதம் எதிர்வீட்டில் வேலை பேசியிருந்தது. மறுத்தால் அது போய்விடும். மொத்தத் தெருவும் போய்விடும்.

கையெழுத்துப் போட்டார்.

அதோடு நிறுத்தவில்லை. அதன் கீழே, 'இரண்டு மாடிக்கு மேல் நான் கட்டிய வீடுகள்' என்று எழுதினார். ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் எதிரே, எந்த வருடத்துப் பொங்கல் என்பதையும். செங்கல் வைப்பதுபோல, நிதானமாக, வரி கோணாமல்.

முதலில் எழுதியது, உட்கார்ந்திருந்த வீட்டின் எண்.

தோளில் இருந்த கை நழுவியது. சமோசா மெல்லும் சத்தம் நின்றது.

தாள் நிரம்பிவிட்டது. தெருவில் இன்னும் ஒரு பக்கம் அப்படியே பாக்கி.

மேஸ்திரி நிமிர்ந்தார்.

"இன்னொரு பேப்பர் கிடைக்குமா மேடம்?"

அந்த அதிகாரி கோப்பைத் திறந்தார்.